நெய்யூர் மருத்துவர் சாமர்வெல்

பாறசாலையிலிருந்து வெள்ளறடைப் பக்கமாகச் செல்வோர் காரக்கோணம் என்னும் ஊரை அறிவர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துக் கிடக்கும் அவ்வூரில் மருத்துவக் கல்லூரி ஒன்று உண்டு. அதன் பெயர்ப் பலகையில் டாக்டர் சாமர்வெல் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் வயிற்றுவலியால் துடிப்பவரையும் பேறுகால இடருற்ற பெண்ணையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விரையும் நம் குடும்பத்தார் அப்பலகையைக் கடந்தே உள்ளே நுழைகின்றனர். ஆயினும் அப்பெயருக்குரியவர் யார், எந்நாட்டினர், இவ்வெல்லைப் புறத்துக்கு அவர் வந்த காரணம் யாது என வினவினால் விடை கூறுவோர் நம்மிடையே மிகச் சிலரே. இவ்வாண்டு மலரில் அப்பெரியாரின் வாழ்வை ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் கத்தி பிடித்த காலத்தில் அறுவை மருத்துவரின் கைகள் எத்தகைய ஆபத்துக்குள் நுழைந்து மீண்டன என்பதையும் உடன்கூறுவோம். அந்த ஆபத்து இன்றும் தீர்ந்தபாடில்லை.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தின் வடபால் மலைநாடாகிய வெஸ்ட்மோர்லாந்தில், கெண்டல் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் காலணித் தொழிலில் பெயர்பெற்ற செல்வக் குடும்பம். ரக்பி பள்ளியிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பயின்று, இயற்கை அறிவியலில் முதல்தரத் தேர்ச்சி எய்தி, லண்டன் பல்கலைக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் கற்றார். இளமையிலேயே மலையேற்றம், ஓவியம், இசை ஆகிய மூன்றும் அவரைப் பற்றிக்கொண்டன. வாழ்நாள் முழுதும் அவை அவரை விடவில்லை.

கற்ற கல்விக்குக் களம் வெகுவிரைவில் வாய்த்தது. அது போர்க்களமாக வாய்த்ததே துயரம். முதல் உலகப் போரில் அவர் படை மருத்துவராகப் பிரான்சு நாட்டுக்குச் சென்றார். 1916ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சோம் ஆற்றங்கரைப் பெரும்போர் தொடங்கியபோது, காயமுற்றோரைச் சேர்க்கும் முகாம் ஒன்றில் பணியிலிருந்தார். ஒரு கூடாரத்தில் அறுவை மருத்துவர் நால்வர். வெளியே தூக்குக் கட்டில்களில் நூற்றுக்கணக்கானோர். எவரை முதலில் எடுப்பது, எவரைக் கைவிடுவது என்பதை நொடிப்பொழுதில் முடிவு செய்தாக வேண்டும். கிடைத்த சிறு ஓய்விலும் சாமர்வெல் வெளியே சென்று, கிடந்த வீரர்களிடையே நடந்தார். தம்மை முந்தி எடுக்குமாறு ஒருவரும் கேட்கவில்லை என்பது அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அந்நாட்களுக்குப் பின்னர் அவர் போரை வெறுத்தவராகவே வாழ்ந்தார்.

அவசர அறுவை என்பது யாது என்பதை அவர் அங்கேதான் கற்றார் எனலாம். கை கழுவ நேரமில்லை, வெளிச்சம் போதாது, மேசையில் கிடப்பவரின் முன்வரலாறு தெரியாது. அவர் உடலில் முன்பே என்ன நோய் குடியிருக்கிறது என்று வினவ வாயில்லை, விடைகூற அவருக்கும் நினைவில்லை. இவ்வனைத்தும் பின்னாளில் திருவிதாங்கூர்ச் சீமையில் அவர் நாள்தோறும் சந்தித்த நிலைமைகளே.

1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற ஆங்கிலேயர் குழுவில் அவர் இடம்பெற்றார். மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் செயற்கைப் பிராணவாயுவின் துணையின்றி ஏறத்தாழ 27,000 அடி உயரத்தை எட்டினார். அதுகாறும் மனிதர் கால் பட்ட உயரங்களில் அதுவே பெரிது. ஆனால் ஜூன் 7ஆம் நாள் பனிச்சரிவு ஒன்றில் சுமை தூக்கிய தொழிலாளர் எழுவர் மாண்டனர். வெள்ளையர் ஒருவரும் இறவாமல் மலைவாழ் ஏழைகளே இறந்தது அவரை நெடுநாள் உறுத்திற்று.

பயணம் முடிந்தபின் ஊர் திரும்பாமல், கையிலிருந்த சிறு தொகையுடன் இந்திய நாட்டைச் சுற்றிப் பார்க்கலானார். அச்சுற்றுலாவில் வந்து சேர்ந்த இடமே நெய்யூர். லண்டன் மிஷன் சங்கத்தார் 1838ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர் அது. சாமர்வெல் கண்டபோது, முடிவில்லாது நீண்ட நோயாளர் வரிசைக்கு அறுவை மருத்துவர் ஒருவரே நின்று ஈடுகொடுத்துக்கொண்டிருந்தார். விருந்தினராக வந்தவர் உடனே கைகொடுக்க முன்வந்தார். லண்டனில் அவருக்காகக் காத்திருந்த பதவியும் பொருளும் பெரிய அளவின. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நெய்யூரே தம் வாழிடம் என்று முடிவு செய்தார்.

1924ஆம் ஆண்டு மீண்டும் எவரெஸ்ட்டுக்குச் சென்று வந்தார். அப்பயணத்தைப் பற்றி ஒரு செய்தி மட்டும் கூறுவோம். ஜூன் 4ஆம் நாள் நார்ட்டனுடன் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறியபின் தொண்டை கட்டி மேற்செல்ல இயலாது அமர்ந்துவிட்டார். நார்ட்டன் இன்னும் சற்று ஏறித் திரும்பினார். இறங்கும் வழியில் சாமர்வெல்லுக்கு மூச்சே அடைத்துப்போயிற்று; முன்னே சென்றவரைக் கூப்பிடவும் குரலில்லை. பனியில் அமர்ந்து இறப்பை எதிர்நோக்கினார். இறுதி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தினார். குளிரால் வெந்து உரிந்த தொண்டையின் உட்தோல் வெளிவந்து விழ, மூச்சு வந்தது. தம் உடம்பிலேயே அவசர சிகிச்சை செய்துகொண்ட மருத்துவர் என்று இவரைக் கூறினால் மிகையாகாது.

அக்காலத்து நிலவரத்தை இளைஞர்க்கு நினைவூட்டுவது நலம். அன்று களியக்காவிளையில் எல்லை இல்லை. நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம் யாவும் திருவிதாங்கூர் மன்னரின் ஒரே ஆட்சியில் அடுத்தடுத்த வட்டங்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கோடு கிழிக்கப்பட்டபோதுதான் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. லண்டன் மிஷனுக்குப் பாறசாலையிலும் நெடுநாளைய நிலையம் உண்டு. ஆதலின் சாமர்வெல்லின் காலத்தில் பாறசாலைக்கும் நெய்யூருக்கும் இடையே இருந்தது தொலைவு ஒன்றே.

அத்தொலைவே பெரும்பகையாக இருந்தது. அவசர நோய் வண்டிமாட்டின் நடைக்குக் காத்திராது. பனையேறும் தொழிலாளி தவறி விழுந்தால், குடலிறக்கம் இறுகிப்போனால், பிள்ளை குறுக்கே கிடந்து தாய் இருநாள் வருந்தினால், நாட்டு வைத்தியமும் மருத்துவச்சியின் கைப்பாடும் பார்த்து ஓய்ந்த பின்னரே ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். வந்து சேரும்போது நோய் முற்றியிருக்கும். வயிற்றுக்குள் சீழும் இரத்தமும் தேங்கியிருக்கும். நாளை பார்ப்போம் என்று கூற இடமில்லை.

தென்திருவிதாங்கூர் மக்களை வாட்டிய பெருநோய்களுள் ஒன்று குடற்புண். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் தோன்றும் அப்புண் வழியடைத்துக்கொள்ளும். சில வேளை துளைத்துக்கொண்டு ஓட்டையாகும். ஓட்டை விழுந்தால் வயிறு பலகைபோல் இறுகும். சில மணி நேரத்துக்குள் திறந்து அடைக்காவிடில் உயிர் போய்விடும். சாமர்வெல் இந்நோய்க்கான அறுவையில் உலகப் புகழ் பெற்றார். 1948ஆம் ஆண்டு இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் அறுவை மருத்துவம் பற்றி அவர் எழுதிய நூல் வெளியாயிற்று. அன்றைய மருத்துவர்கள் இப்புண்ணுக்குக் காரணத்தை உணவிலும் காரத்திலும் மனக்கவலையிலும் தேடினர். பெரும்பாலான புண்களுக்கு இரைப்பையில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிரே காரணம் என்பது 1980களில் ஆஸ்திரேலிய மருத்துவர் மார்ஷல், வாரன் ஆகியோர் கண்ட உண்மை. வாழ்நாள் முழுதும் ஒருவர் அறுத்துச் சீராக்கிய நோய், தொற்றுநோயாக இருந்திருக்கிறது!

இவ்விடத்தில் மருத்துவரின் கையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ரப்பர் கையுறை அறுவை அறைக்குள் வந்த கதையே சுவையானது. அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவரிடம் பணிபுரிந்த செவிலி ஒருவரின் கைகள் கிருமிநாசினிக் கரைசலால் வெந்துபோயின. அவர் கையைக் காக்கவே 1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மெல்லிய ரப்பர் உறைகள் செய்விக்கப்பட்டன. நோயாளியைக் காப்பதோ மருத்துவரைக் காப்பதோ அன்று நோக்கமன்று. (அச்செவிலியையே ஹால்ஸ்டெட் பின்னர் மணந்தார்.) சாமர்வெல்லின் நாட்களில் உறையைக் கழுவி, வேகவைத்து, மாவு தூவி, கிழிந்தால் ஒட்டுப்போட்டு மீண்டும் மீண்டும் இடுவதே பொது வழக்கம். ஒருமுறை இட்டுக் கழித்துவிடும் உறை 1960களில்தான் பரவலாயிற்று.

அக்காலத்து அறுவை மருத்துவர் அஞ்சியது சீழ்விரலுக்கே. சீழ் நிறைந்த உடலை அறுக்கையில் விரலில் ஒரு கீறல் பட்டால் போதும். கை வீங்கி, நச்சு இரத்தத்தில் பரவி, ஒரு கிழமைக்குள் உயிர் போகக்கூடும். சீன நாட்டுப் போர்முனையில் பணிபுரிந்த கனடா நாட்டு மருத்துவர் நார்மன் பெத்யூன் இவ்வாறே விரற்காயத்தால் நச்சேறி 1939ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாண்டார். அவருக்குப் பின் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையின் பொறுப்பேற்றவர் நம் நாட்டுச் சோலாப்பூரைச் சேர்ந்த கோட்னிஸ் என்பது நினைக்கத்தக்கது. பெனிசிலின் முதலிய மருந்துகள் வந்தபின் சீழ்விரலின் கொடுமை தணிந்தது.

கண்ணுக்குத் தெரிந்த பகை சீழ். தெரியாத பகை ஒன்று தூய செந்நிற இரத்தத்திலேயே கலந்திருந்தது. இரத்தத்தின் வழியே காமாலை பரவக்கூடும் என்னும் ஐயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. 1942ஆம் ஆண்டு மனித இரத்தநீர் கலந்த தடுப்பூசி ஒன்றால் அமெரிக்கப் படைவீரர் ஏறத்தாழ 50,000 பேர் காமாலையுற்றபோது ஐயம் உறுதியாயிற்று. ஆனால் கிருமி எது என்று எவர்க்கும் தெரியாது. பிளம்பெர்க் என்னும் அறிஞர் அதன் தடயத்தை ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்டது 1960களில். அதுவே இன்று பி வகைக் கல்லீரல் அழற்சி எனப்படும் வைரஸ் நோய். எய்ட்ஸ் வைரஸ் 1983இலும், சி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸ் 1989இலும் கண்டறியப்பட்டன.

இக்கணக்கைச் சாமர்வெல்லின் வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். 1915க்குப் பிறகு 1961 வரை அவர் கத்தி பிடித்தார். இரத்தத்தில் பரவும் இம்மூன்று வைரஸ்களுள் ஒன்றுக்கேனும் சோதனை இருந்த ஒரு நாளைக்கூட அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை. வயிற்றுக்குள் இரத்தம் பெருகுகையில், கண்ணால் காணாமல் விரல்நுனியால் ஊசிமுனையைத் தேடித் தைக்கும் பழக்கம் அக்காலத்து அறுவையில் எங்கும் உண்டு. அவ்வாறு குத்தப்பட்ட விரல்கள் எத்தனை! பின்னாளில் காமாலை கண்ட மருத்துவர்க்கு அது தண்ணீரால் வந்ததா, மேசையில் கிடந்தவரால் வந்ததா என்று கூற அன்று வழியே இல்லை.

1949ஆம் ஆண்டு நெய்யூரை விட்டு வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். தாம் ஒருவராய்ச் செய்ததைப் பலர் செய்யுமாறு பயிற்றுவித்த காலம் அது. இந்திய நாட்டில் அவர் பணி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

அவர் ஓய்வு பெற்ற பின்னரே காவல் வழிகள் ஒவ்வொன்றாக வந்தன. பி வகை வைரஸுக்குத் தடுப்பூசி 1980களின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்தது. ஆறு மாதத்தில் மூன்று தவணை. மருத்துவப் பணியாளர் அனைவரும் இட்டுக்கொள்ள வேண்டுவது. இட்டுக்கொள்ளாதவர் நோயுற்றவர் இரத்தம் தோய்ந்த ஊசியால் குத்தப்பட்டால் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை அந்நோய்க்கு ஆளாகக்கூடும். எய்ட்ஸ் வைரஸுக்கு இவ்வாபத்து ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவே. மக்கள் பெரிதும் அஞ்சுவது பின்னதை. மருத்துவர் கை பெரிதும் அஞ்ச வேண்டுவது முன்னதை. குத்துப்பட்டவர் இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் இட்டுக் கழுவி, 72 மணி நேரத்துக்குள், கூடுமாயின் ஓரிரு மணியிலேயே, தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் உண்டால் எய்ட்ஸ் தொற்றைத் தடுக்கலாம். சி வகைக்கு இன்றளவும் தடுப்பூசி இல்லை. தீர்க்கும் மருந்து உண்டு.

அறுவை மேசையின் பழக்கங்களும் மாறின. இரட்டைக் கையுறை, கண்ணாடிக் கவசம், முனை மழுங்கிய தையல் ஊசி, கத்தியைக் கைக்குக் கை கொடாமல் தட்டில் வைத்து எடுத்தல் ஆகியவை வந்தன. உறையைத் துளைத்துச் செல்லும் ஊசியில் ஒட்டிய இரத்தத்தின் பெரும்பகுதியை உறையே துடைத்துவிடுகிறது என்பதால், ஓட்டை விழுந்த உறையும் முற்றிலும் வீண் அன்று. இவையனைத்தினும் பெரிய மாற்றம் ஒன்று 1980களில் வந்தது. மேசைக்கு வரும் ஒவ்வொருவர் இரத்தத்திலும் நோய் இருக்கக்கூடும் என்று கொண்டு, செல்வர் ஏழை, அறிந்தவர் அறியாதவர் என்ற வேறுபாடின்றி எல்லார்க்கும் ஒரே காவலைக் கைக்கொள்ளுதல் என்பதே அது. நோய் தொற்றிய தொடக்க வாரங்களில் சோதனை ஒன்றும் காட்டாது; நள்ளிரவில் குருதி பெருகும் தாய்க்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவும் இயலாது. ஆகவே சோதனைத் தாளை நம்பும் மருத்துவரைக் காட்டிலும் தம் பழக்கத்தை நம்பும் மருத்துவரே காக்கப்படுகிறார்.

நம் குடியிருப்புகளில் வழங்கும் ஒரு மனக்குறையையும் இங்கே மறைக்க வேண்டுவதில்லை. காமாலை இருந்ததென்றோ வேறு தொற்று உண்டென்றோ சொன்னால் மருத்துவமனையில் ஏற்கமாட்டார்கள், வேறிடம் போகச் சொல்வார்கள் என்று அஞ்சி வீட்டார் வாய்மூடி நிற்கின்றனர். அந்த அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று நாம் கூறோம். எய்ட்ஸ் வைரஸ் உள்ளவர்க்கு மருத்துவம் மறுப்பதும், சோதனை செய்துகொண்டால்தான் மருத்துவம் என்று நிபந்தனையிடுவதும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன; 2018 செப்டம்பர் முதல் அச்சட்டம் நடைமுறையில் உள்ளது. மருத்துவப் பணியாளர்க்குக் காப்புக் கருவிகளும் குத்துப்பட்டால் மருந்தும் தரவேண்டும் என்பதும் அதே சட்டம். நோயாளியின் உரிமையும் மருத்துவரின் உயிரும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருப்பதை நம்மவர் அறிந்திருப்பது நல்லது. வீட்டார் உண்மை சொல்வதால் மருத்துவர்க்கு ஒரு நன்மை உண்டு: குத்துப்பட்டபின் எந்த மருந்தை உடனே தொடங்குவது என்பதில் அவர் தடுமாற வேண்டியதில்லை.

கொரோனா ஆண்டாகிய 2020இல் இவ்வாபத்து வேறு வடிவில் வந்தது. இரத்தத்தில் மட்டுமன்றி மூச்சுக்காற்றிலேயே வைரஸ். மயக்கம் கொடுக்கத் தொண்டையில் குழாய் செலுத்தும் கணமே மிகக் கொடிய கணமாயிற்று. தள்ளிப்போடத்தக்க அறுவைகள் தள்ளிப்போயின. குடல் துளைத்தவரையும் பிள்ளைபெறத் தவித்தவரையும் தள்ளிப்போட முடியுமா? இஞ்சிவிளைச் சாவடியில் அனுமதிச் சீட்டுக் காட்டி எல்லை கடந்த அந்நாட்களை நம் குடும்பங்கள் மறந்திரா. அவ்வாண்டு ஏப்ரலில் சென்னை நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அந்நோயால் இறந்தபோது, அவர் உடலை அடக்கம் செய்யவும் ஒரு கூட்டம் தடை செய்தது. தமிழர் தலைகுனிய நேர்ந்த செய்தி அது.

சாமர்வெல்லின் இறுதி நாட்களுக்கு வருவோம். 1925ஆம் ஆண்டு மார்கரெட் ஹோப் சிம்சன் என்னும் அம்மையாரை மணந்த அவருக்கு மைந்தர் மூவர். 1938ஆம் ஆண்டு கெய்சரி ஹிந்து பதக்கமும், 1953ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசின் விருதும் பெற்றார். 1922ஆம் ஆண்டு மலையேற்றத்துக்காக ஒலிம்பிக் பதக்கமும் அவர்க்குண்டு. ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின் 1962 முதல் 1965 வரை ஆல்ப்ஸ் மலையேறுவோர் சங்கத்தின் தலைவராக விளங்கினார். எவரெஸ்ட்டையும் இமயச் சாரல்களையும் நீர்வண்ணத்தில் தீட்டிய அவர் ஓவியங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. திபெத்து மக்களின் நாட்டுப்பாடல்களைக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதிவைத்தவரும் அவரே.

1975ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், தாம் பிறந்த மலைநாட்டிலேயே ஆம்பிள்சைடு என்னும் ஊரில் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 84. காரக்கோணத்தில் அவர் பெயரால் மருத்துவக் கல்லூரி 2002ஆம் ஆண்டு தொடங்கிற்று. அவர் பணிபுரிந்த நெய்யூர் மருத்துவமனை எல்லைக்குத் தெற்கே தமிழ்நாட்டில். அவர் பெயர் தாங்கிய கல்லூரி எல்லைக்கு வடக்கே கேரளத்தில். பாறசாலை, உச்சக்கடை, கொல்லங்கோடு, குன்னத்துகால் ஆகிய ஊர்களின் நோயாளர்கள் எது அருகிலோ, எங்கே அறுவை மருத்துவர் விழித்திருக்கிறாரோ, அங்கே செல்கின்றனர்.